சுரங்கம் மூடிய பிறகு: பழைய தொழிலிடம் கலைக்கூடமாவது எப்படி, வன்னிக்கு அதில் என்ன இருக்கிறது?

ஜேர்மனியின் ஹம் நகரத்தின் பெயர் வன்னியில் பல வீடுகளுக்குப் பழக்கமானது. 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அங்கேதான் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் நாலா திசையிலிருந்தும் நம்மவர்கள் கூடுகிறார்கள். பக்கத்தில் ஓடும் கப்பற் கால்வாயில் அம்மன் தீர்த்தமாடுகிறாள். அதே நகரத்தில், மரங்களுக்கு மேலே தலைதூக்கி நிற்கும் ஒரு கண்ணாடி யானையும் இருக்கிறது. அது சிலை அல்ல, கட்டடம். மக்சிமிலியன் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் கரி கழுவுவதற்காகக் கட்டப்பட்ட மண்டபத்தை, 1984 இல் நடந்த மாநிலப் பூங்காக் காட்சிக்காக ஹோர்ஸ்ட் ரெல்லெக்கே என்ற கலைஞர் யானை வடிவத்துக்கு மாற்றினார். இன்று அந்தச் சுரங்கவளாகம் முழுவதும் ஒரு பூங்கா.

நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடம் அருங்காட்சியகமானது, இசைமண்டபமானது, யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது என்ற செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. படித்தவுடன் எழும் கேள்வியும் ஒன்றுதான்: பரந்தனில் பாழடைந்து கிடக்கும் இரசாயனத் தொழிற்சாலையை இப்படி ஆக்கினால் என்ன? ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையை? நல்ல கேள்வி. ஆனால் படத்தில் தெரியும் விளக்கொளியை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. படத்தில் தெரியாத மூன்றை முதலில் அறிய வேண்டும்: நிலத்தின் கீழே என்ன நடக்கிறது, செலவை யார் சுமக்கிறார், அந்த இடத்தின் கதையை யார் சொல்கிறார்.

வன்னியில் ஏன் நிலக்கரி இல்லை

நிலக்கரி என்பது புதைந்த காடு. 36 கோடி ஆண்டுகளுக்கும் 30 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் சதுப்பு நிலங்களில் வளர்ந்து சாய்ந்த தாவரங்கள், மேலே படிந்த மண்ணின் பாரத்தாலும் வெப்பத்தாலும் இறுகிக் கரியாயின. ஐரோப்பாவின் பெரிய கரிப்படைகள் இந்தக் காலத்தவை.

வன்னியின் அடிப்பாறை அதற்கு மிக மூத்தது. இலங்கையின் மேற்கிலும் வடமேற்கிலும் பரந்து கிடக்கும் பழம்பாறைகளுக்குப் புவியியலாளர் இட்ட பெயரே 'வன்னித் தொகுதி' என்பதுதான். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய கருங்கல் அது. நிலத்தில் காடு என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே உறைந்துவிட்ட பாறையில் நிலக்கரியைத் தேடிப் பயனில்லை. வடக்கே போகப்போக அதன்மேல் சுண்ணக்கல் படிந்திருக்கிறது. அது கடல் தந்த கல். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரியும் கரி அத்தனையும் கப்பலில் வருவது இதனால்தான்.

ஆகவே வன்னிக்குச் சுரங்கம் ஒரு பாடமாகத்தான் பயன்படும். அதை அச்சுப்பிரதியாக எடுக்க முடியாது. ஆனாலும் வேலை நின்றபின் ஊரில் மிஞ்சும் பெரிய கட்டடம், கெட்டுப்போன மண், கலைந்துபோன தொழிலாளர் குடும்பங்கள் ஆகியவை கரிக்கு மட்டும் உரியவை அல்ல.

மூடிய சுரங்கத்தில் என்ன மிஞ்சுகிறது

தொடர்ந்து வாசிப்பதற்குச் சில சொற்கள் தேவை.

1. சுரங்கக்குழி: நேர் செங்குத்தாகத் தோண்டிய பெருங்கிணறு. ஆழம் பல நூறு மீற்றர் இருக்கும், ஆயிரத்தையும் தாண்டும். ஆட்களும் கரியும் ஏறி இறங்கும் வழி இதுவே.

2. தூக்குக்கோபுரம்: குழியின் வாய்க்கு மேலே நிற்கும் இரும்புச் சட்டகம். உச்சியில் பெரிய சக்கரங்கள். அவற்றின்மேல் ஓடும் வடம் கூண்டை இழுக்கிறது. நம் கிணற்றுக் கப்பியின் பேருரு. தூரத்திலிருந்தே கண்ணில் படுவதால் கரியூர்களுக்கு இதுதான் அடையாளம், நமக்குக் கோபுரம்போல.

3. கரி கழுவும் ஆலை: கல்லையும் கரியையும் நீரில் பிரிக்கும் கட்டடம்.

4. கற்கரி உலை: கரியைக் காற்றுப்படாமல் சுட்டு, இரும்பு உருக்கத் தேவையான கற்கரியாக்கும் உலைத்தொடர். தாரும் பென்சீனும் கசியும் இடம் இது. மண் மிக மோசமாக நஞ்சாவது இங்கேதான்.

5. கழிவுமேடு: கரியோடு வெளியே வந்த கல்லைக் கொட்டிக் கொட்டி எழுந்த செயற்கை மலை.

6. தாழ்வு: கீழே கரியை எடுத்ததால் மேலே நிலம் இறங்குவது. ஜேர்மனியின் பெரிய கரிப் பிரதேசமான ரூர் பகுதியில் சில இடங்கள் 20 மீற்றருக்கும் மேல் இறங்கியிருக்கின்றன.

ஆறாவதுதான் முழு விடயத்துக்கும் திறவுகோல். அதைப் பின்னர் பார்ப்போம்.

எசன் நகரத்துச் சொல்வெரைன்

இந்த மாற்றத்துக்கு உலகம் முழுவதும் காட்டப்படும் உதாரணம், ரூர் பகுதியின் எசன் நகரில் உள்ள சொல்வெரைன் சுரங்கம். முதற்குழி 1847 இல் தோண்டத் தொடங்கப்பட்டது. 1928 முதல் 1932 வரை பிரிட்ஸ் ஷூப், மார்ட்டின் கிரெம்மர் என்ற இரு கட்டடக்கலைஞர்கள் பன்னிரண்டாம் குழியின் மேற்கட்டடங்களை அமைத்தார்கள்: சிவப்புச் செங்கல், இரும்புச் சட்டம், கண்ணாடி, வீணான ஒரு வளைவும் இல்லை. நாளொன்றுக்கு 12,000 தொன் கரி மேலே வந்தது. உலகின் மிக அழகான சுரங்கம் என்று அதைச் சொன்னார்கள்.

1957 இல் மேற்கு ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அடுத்த ஆண்டே சரிவு தொடங்கியது. எண்ணெய் மலிந்தது, கடல் கடந்து வந்த கரியும் மலிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. சொல்வெரைன் 1986 டிசம்பர் 23 அன்று மூடியது. அதன் கற்கரி உலை 1993 இல். நாட்டின் கடைசிக் கருங்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது.

மூடியவுடன் நடந்ததுதான் முக்கியம். இடித்துப் பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்பதுதான் அப்போதைய பொது எண்ணம். ஆனால் மாநில அரசு நிலத்தை வாங்கி, கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது. என்ன செய்யப்போகிறோம் என்ற முழுத்திட்டம் அப்போது இல்லை. 'இப்போதைக்கு இடிக்க வேண்டாம்' என்ற முடிவு மட்டும் இருந்தது. அந்த ஒற்றை முடிவு இல்லாவிட்டால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது.

அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகள் மெதுவாக நகர்ந்தன. 1989 முதல் 1999 வரை ரூர் பகுதியின் எம்ஷர் ஆற்றுப்படுகை முழுவதற்குமாக ஒரு பத்தாண்டுக் கட்டடக்கண்காட்சித் திட்டம் நடந்தது. பதினேழு நகரங்கள் சேர்ந்தன. ஏறத்தாழ 120 பணிகள் நடந்தன. அதன் ஒரு பகுதியாகத்தான் பக்கத்து டூயிஸ்பேர்க்கில் கைவிடப்பட்ட இரும்பாலையை நிலத்தோற்றக் கலைஞர் பீற்றர் லட்ஸ் பூங்காவாக வடிவமைத்தார். அங்கே பழைய வாயுத்தாங்கியில் நீர் நிரப்பிச் சுழியோடப் பழகுகிறார்கள். சொல்வெரைனில் கொதிகலன் மண்டபம் 1997 இல் கட்டடக்கலைஞர் நோர்மன் பொஸ்டரின் கையால் வடிவமைப்பு அருங்காட்சியகமானது. 2001 இல் யுனெஸ்கோ பட்டியல். 2002 இல் கட்டடக்கலைஞர் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் முழுவளாகத்துக்கும் திட்டம் தீட்டியது. 2010 இல், எசனும் ரூர் பகுதியும் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்த ஆண்டில், கரி கழுவும் ஆலைக்குள் ரூர் அருங்காட்சியகம் திறந்தது.

மூடியதற்கும் இதற்கும் இடையே 24 ஆண்டுகள். ஒரு தேர்தற்காலத்துக்குள் முடிக்கக்கூடிய வேலை என்று எவராவது சொன்னால் நம்பக் கூடாது.

வளாகத்துக்குள் மிகப் பொருத்தமான மாற்றம், பெயர்பெற்ற எந்தக் கட்டடத்திலும் நடக்கவில்லை. குளியல் மண்டபத்தில் நடந்தது. தொழிலாளர்கள் வேலை முடிந்து கரியைக் கழுவி உடைமாற்றிய இடம் அது. இப்போது நடனக்கலைஞர்கள் ஒத்திகை பார்க்கும் நிலையமாக இருக்கிறது. வெள்ளை ஓடு பதித்த சுவர்கள் அப்படியே இருக்கின்றன. களைத்த உடல்கள் இளைப்பாறிய இடத்தில் ஆடும் உடல்கள் பழகுகின்றன. கட்டடத்தின் முன்னைய வேலைக்கும் புதிய வேலைக்கும் உறவு இருந்தால் சுவரை மறைக்கத் தேவையில்லை.

தோல்வியும் அங்கே உண்டு. விளம்பரப் புத்தகங்களில் அதைத் தேடினால் கிடைக்காது. 2006 இல் வளாகத்தின் ஓரத்தில் சதுரப் பெட்டி போன்ற ஓர் அழகிய கட்டடம் எழுந்தது, முகாமைத்துவமும் வடிவமைப்பும் கற்பிக்கும் தனிப்பள்ளிக்காக. பள்ளி இரண்டு மூன்று ஆண்டுகளில் மூடிவிட்டது. கட்டடம் மட்டும் தப்பி, பின்னர் போல்க்வாங் கலைப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. ஏற்கெனவே வேரூன்றிய கல்வி நிறுவனம் தன் பிரிவொன்றைக் கொண்டுவந்தபோது நின்றது. வெறுங்கையோடு புதிதாகத் தொடங்கியது விழுந்தது.

நின்றுவிடாத நீரிறைப்பு

அந்தப் பெட்டிக் கட்டடத்தின் சுவர்களுக்குள் குழாய்கள் ஓடின. ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஆழத்திலிருந்து இறைக்கப்பட்ட சுரங்க நீரின் வெப்பத்தால் அந்தச் சுவர்கள் குளிர்காலத்தில் இதமாயின. சுரங்கம் மூடி இருபது ஆண்டு ஆகியும் ஏன் நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்?

இங்கேதான் தாழ்வு வருகிறது. இதை ஒரு வரிசையில் பார்க்கலாம்:

1. கரி எடுத்த வெற்றிடங்களுக்குள் நிலத்தடி நீர் ஊறுகிறது. பம்புகளை நிறுத்தினால் அது மேலேறும். ஆழத்து உப்பையும் உலோகத்தையும் சுமந்துகொண்டு ஏறும் நீர், குடிநீர் ஊற்றுகளைத் தொட்டால் அவை கெடும்.

2. மேலே நிலம் கிண்ணம்போல் இறங்கியிருப்பதால் மழைநீர் தானாக ஆற்றுக்குப் போகாது. அதையும் இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். ரூரில் இந்த இறைப்பு நின்றால் பெருநிலப்பரப்பு ஏரியாகும், வீடுகள் மூழ்கும்.

3. ஆகவே இறைப்புக்கு முடிவு நாள் கிடையாது. ஜேர்மனியில் இதற்கு வைத்த பெயரே 'நித்தியச் செலவு'.

4. நித்தியச் செலவுக்கு நித்தியமான வருமானம் வேண்டும். 2007 இல் இதற்கென ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். சுரங்க நிறுவனத்தின் கைவசமிருந்த பெரிய இரசாயனத் தொழிலின் பங்குகள் அந்த அறக்கட்டளையின் முதலாயின. கரி அகழ்வு முடிந்தபின், 2019 முதல், அந்த முதலின் வருமானத்திலிருந்து நீரிறைப்புச் செலவு கொடுக்கப்படுகிறது.

குளத்தோடு வாழும் வன்னி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரணைமடுவோ முத்தையன்கட்டோ, கட்டி முடித்ததோடு வேலை முடிந்த குளம் எங்கும் இல்லை. கட்டில் முளைக்கும் மரத்தை வெட்ட வேண்டும். துருசு பார்க்க வேண்டும். வாய்க்கால் துப்புரவாக்க வேண்டும். மாரி வருமுன் வான்கதவு இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஓராண்டு தவறினால் குளம் அதைக் காட்டிவிடும். பழைய தொழிலிடத்தைக் கலைக்கூடமாக்குவது கட்டடம் கட்டுவதைவிடக் குளம் பராமரிப்பதையே அதிகம் ஒத்தது. திறப்பு விழாவுக்குப் பணம் தருபவர் எளிதில் கிடைப்பார். இருபதாவது ஆண்டு கூரை ஒழுகும்போது பணம் தருபவர் யார் என்பதே உண்மையான கேள்வி.

யாருடைய கதை

வன்னி வாசகர்கள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய பகுதி இது.

பெல்ஜியத்தின் மார்சினெல் ஊரில் புவா து கசியே என்ற சுரங்கம். 1956 ஆகஸ்ட் 8 காலை நிலத்தடியில் தீப்பிடித்தது. 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர். போருக்குப் பிந்தைய இத்தாலியில் வேலையில்லை, பெல்ஜியத்தில் கரிவெட்ட ஆளில்லை. 1946 இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்து, ஆளை அனுப்பிக் கரியை வாங்கிக்கொண்டன. அந்த வழியில் வந்தவர்கள் இவர்கள். பின்னாளில் அந்த நிலத்தை வணிகத்துக்கு விடும் பேச்சு எழுந்தபோது எதிர்த்து நின்றவர்கள் பழைய சுரங்கத் தொழிலாளர்களே. இன்று அது நினைவிடமாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. 2012 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வோர் ஆகஸ்ட் 8 அன்றும் மணி ஒலிக்கிறது. அங்கே நினைவு முதலில் வந்தது, கண்காட்சி பிறகு வந்தது. இந்த வரிசை மாறியிருந்தால் அந்த இடம் யாருக்கும் உரியதாக இருந்திராது.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள சவாலுந்தோ என்ற ஊர் நம் கதைக்கு இன்னும் அருகில். டச்சுக்காரர் ஆட்சியில் ஒம்பிலின் சுரங்கத்தில் கால்விலங்கிட்ட கைதிகள் கரி வெட்டினார்கள். 'சங்கிலி மனிதர்' என்றுதான் அவர்களை ஊரார் அழைத்தார்கள். கரி குறைந்து ஊர் வெறுமையானபோது, 2000 களின் தொடக்கத்தில், சுரங்கத்தையே ஊரின் புதிய தொழிலாக்கத் தீர்மானித்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு வடித்த பெரும் சமையற்கூடம் அருங்காட்சியகமானது. 2019 இல் யுனெஸ்கோ ஏற்றது. விலங்கை மறைக்கவில்லை, அதைத்தான் முன்னால் வைத்தார்கள்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஹஷிமா தீவு சான்று. கடலுக்கடியில் கரி வெட்டிய அந்தத் தீவு 1974 இல் வெறுமையானது. 2015 இல் வேறு பல இடங்களோடு சேர்த்து உலக மரபுரிமையானது. போர்க்காலத்தில் கொரியர்களை அங்கே கட்டாய வேலைக்கு இழுத்துவந்த வரலாற்றைச் சொல்வதாக ஜப்பான் வாக்களித்தது. அது சரியாக நிறைவேறவில்லை என்று 2021 இல் யுனெஸ்கோ குழு கடுமையான வருத்தம் தெரிவித்தது. போலந்தின் கத்தோவிச்சேயிலோ, சுரங்கநிலத்தின் கீழே அமைத்த அருங்காட்சியகம் திறக்கும் முன்பே, அந்தப் பிரதேசமான சைலீசியாவின் வரலாற்றை ஜேர்மானியச் சாயலோடு சொல்வதா போலந்துச் சாயலோடு சொல்வதா என்று பெரும் பிணக்கு மூண்டது.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. போரின் இறுதிக் கட்டத்தில் சாய்க்கப்பட்ட கிளிநொச்சி நீர்த்தாங்கி, போர் முடிந்தபின் ஏ9 வீதியோரம் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது. அறிவிப்புப் பலகையும் நினைவுப்பொருட் கடையும் வந்தன. பஸ்களில் வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தாங்கியிலிருந்து நீர் குடித்த ஊர் என்ன நினைக்கிறது என்று பலகையில் ஓர் எழுத்தும் இல்லை. இடிபாட்டை அப்படியே விட்டுப் பாதுகாப்பது மட்டும் நினைவைப் பாதுகாப்பதாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பணமும் வேலையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் மிகைப்படுத்தல் அதிகம் நடக்கும் இடம் இதுவே.

பிரான்ஸின் லென்ஸ் நகரில் பழைய சுரங்கக்குழி இருந்த நிலத்தில் 2012 டிசம்பர் 4 அன்று லூவர் அருங்காட்சியகத்தின் கிளை திறந்தது. சுரங்கத் தொழிலாளரின் காவற்றெய்வமான புனித பார்பராவின் திருநாளைப் பார்த்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தார்கள். கூட்டம் வந்தது. ஆனால் சுரங்கம் கொடுத்த வேலையை அருங்காட்சியகம் கொடுக்காது, கொடுக்கவும் முடியாது. பெல்ஜியத்தின் கெங்க் நகரம் இதை வேறு வழியில் அணுகியது. 1988 இல் மூடிய வின்டர்ஸ்லாக் சுரங்கத்தை 2001 இல் நகரசபையே வாங்கியது. வடிவமைப்புக் கல்லூரி, சினிமா மண்டபம், நாடக அரங்கு, புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான அறைகள் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்தது. வெளியூர்க்காரர் வராத நாளிலும் அங்கே மாணவர்கள் இருப்பார்கள். உல்லாசப் பயணியை மட்டும் நம்பிக் கட்டிய கலைக்கூடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமை மாலையில் தெரியும்.

வன்னியில் எவை உண்டு

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950 களில் எழுந்தது. பக்கத்து ஆனையிறவு உப்பளத்தின் உப்புத்தான் அதன் மூலப்பொருள். உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரினும் பிரியும். சவர்க்காரம் முதல் குடிநீர்ச் சுத்திகரிப்பு வரை இவை வேண்டும். போர் தொடங்கிய 1980 களின் நடுவில் உற்பத்தி நின்றது. பிறகு இடப்பெயர்வு, குண்டுவீச்சு, அதற்கும் பிறகு பழைய இரும்பு வியாபாரம். இப்போது வடக்கில் தொழில் வலயங்கள் அமைப்பது பற்றிய பேச்சில் பரந்தனின் பெயரும் அடிபடுகிறது. அந்த நிலத்தில் மீண்டும் தொழில் வருவதா, நினைவு வருவதா என்று இரண்டாகப் பிரித்து வாதிடத் தேவையில்லை. சொல்வெரைனே ஒருமுகமாக இல்லை. அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே அலுவலகங்கள் இயங்குகின்றன. ஒரு மண்டபத்தையும் ஒரு புகைபோக்கியையும் விட்டுவைத்து மற்ற நிலத்தில் தொழில் நடத்தலாம். எதை விடுவது என்று இடிப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை வேறு வகை. குளத்துக் களிமண், சூளை, ஓடு. அதன் தொழில்நுட்பம் எளியது. மண்ணில் இரசாயன நஞ்சு சேரும் வாய்ப்பும் குறைவு. மட்பாண்டம் வனைதல், சுதைச்சிற்பம் செய்தல் போன்ற கைவினைகளுக்குச் சூளையுள்ள இடம் இயல்பாகவே பொருந்தும். கலைக்கூடம் என்ற எண்ணத்தை வன்னியில் எங்காவது சிறிய அளவில் பரீட்சித்துப் பார்ப்பதானால், பரந்தனுக்கு முன் இங்கே பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மூன்றாவது வகையை யாரும் மரபுரிமை என்று நினைப்பதில்லை: கற்குவாரிக் குழிகளும் கிரவல் கிடங்குகளும். வீதிக்கும் வீட்டுக்கும் கல்லும் கிரவலும் போனபின் குழி மட்டும் கிடக்கிறது. மாரியில் நீர் நிரம்பிப் பிள்ளைகளுக்கு ஆபத்தாகிறது. 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின்படி அகழ்ந்தவர் நிலத்தைச் சீராக்க வேண்டும். சீராக்குவது என்றால் மண் போட்டு மூடுவது மட்டுமல்ல. சுவீடனின் தால்ஹல்லா என்ற சுண்ணக்கல் குவாரியில் 1990 அளவில் வேலை நின்றது. அறுபது மீற்றர் ஆழமான அந்தக் குழியின் சுவர்கள் குரலை அழகாகத் திருப்பித் தருவதை ஒரு பாடகி கண்டுகொண்டார். 1995 முதல் அது நாலாயிரம் பேர் அமரும் திறந்தவெளி அரங்கு. வட்டக்களரியில் விடியவிடியக் கூத்தாடிய மண்ணுக்கு, கோவலன் கூத்துக்கு இன்றும் அண்ணாவிமார் இருக்கும் முல்லைத்தீவுக்கு, கல்லே சுவராக நிற்கும் அரங்கு அந்நியமாகத் தோன்றாது. பாறை வெடிப்பு, நீர்வரத்து, விளிம்பு உறுதி ஆகிய மூன்றையும் பொறியியலாளர் பார்த்த பிறகே அங்கே ஆளை இறக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கிறது.

கேட்க வேண்டிய வரிசை

எந்த இடமானாலும் கேள்விகளின் வரிசை மாறக் கூடாது.

1. மண் சுத்தமா? எரிசோடாத் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் பாதரசத்தைப் பயன்படுத்தும் முறை உலகெங்கும் பரவலாக இருந்தது. பாதரசம் மண்ணில் தங்கும், நீருக்கு இறங்கும், மீனில் சேரும். எனவே ஒரு தொழிற்சாலை எந்த முறையில் இயங்கியது என்பதை ஆவணங்களில் பார்த்து, மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்த பிறகே பாடசாலைப் பிள்ளைகளை அங்கே அழைக்கலாம். பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடும் இதில் அடங்கும். கண்ணிவெடி அகற்றிய சான்று இல்லாத நிலத்தில் கால் வைப்பதில்லை என்பது வன்னிக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சுக்கும் அதே ஒழுக்கம் வேண்டும்.

2. காணி யாருடையது? கூட்டுத்தாபனத்துக்குரியதா, அரச காணியா, தனியார் உறுதி உண்டா, படையினரிடம் உள்ளதா? இது தீராமல் வரையும் எந்தப் படமும் காகிதந்தான்.

3. எந்தச் சட்டம் காக்கும்? 1950 களில் எழுந்த தொழிற்சாலை, தொல்லியல் சட்டத்தின் பழமை எல்லைக்குள் தானாக வராது. இன்னொரு பக்கம், குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் தொல்லியலின் பெயரால் நடந்தவற்றுக்குப் பிறகு, மரபுரிமை என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. பிரதேச சபையின் கீழ், ஊராரும் பழைய தொழிலாளரும் உறுப்பினராக உள்ள ஓர் அமைப்பின் பெயரில் இடம் இருந்தால்தான் இந்தப் பேச்சையே தொடங்க முடியும்.

4. ஆண்டுச் செலவு எங்கிருந்து? புலம்பெயர்ந்த உறவுகள் கட்டடத்துக்குக் கொடுப்பார்கள். மின்கட்டணத்துக்கும் காவலாளி சம்பளத்துக்கும் இருபது ஆண்டு தொடர்ந்து கொடுக்க மாட்டார்கள். ரூரில் செய்ததுபோல, கட்டத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை முதலாக ஒதுக்கி அதன் வருமானத்தில் நடத்த வேண்டும்.

5. யார் தீர்மானிப்பது? இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை அதிகாரிகளும் கமக்காரரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து, நீரின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். சண்டை வரும், சத்தம் வரும், ஆனால் முடிவு வரும். இந்த முறை நம் கையில் இருக்கும்போது வெளியூர் ஆலோசகரிடம் கடன் வாங்கத் தேவையில்லை. 2025 இல் ஆனையிறவு உப்புக்கு எந்தப் பெயரை இடுவது என்று எழுந்த வாதத்தை ஒரு சின்ன விடயம் என்று சிலர் தள்ளினார்கள். பெயர்தான் கதையின் முதற்சொல். அதை ஊரைக் கேட்டு வைப்பது எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

6. யார் பேசுவது? சொல்வெரைனில் வருவோரை அழைத்துச் சென்று விளக்கியவர்களில் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். எந்தத் திரையும் ஒலிப்பதிவும் அதற்கு ஈடாகாது.

ஆறாவதற்கு மட்டும் பணமும் வேண்டாம், காணி உறுதியும் வேண்டாம், எவருடைய அனுமதியும் வேண்டாம். பரந்தன் தொழிற்சாலை நின்றபோது இருபத்தைந்து வயதில் அங்கே வேலை செய்தவர் இன்று அறுபத்தைந்தைத் தொட்டவர். கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் டோர்ட்முண்டிலும் எசனிலும் இருக்கிறார்கள். காலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, உப்பு எந்த வண்டியில் வந்தது, குளோரின் மணம் காற்றில் வந்தால் எந்தப் பக்கம் ஓடினார்கள், கடைசி நாள் வாயிலை யார் பூட்டினார், திறப்பு யாரிடம் போனது என்று ஒரு தொலைபேசியை முன்னால் வைத்துக் கேட்டுப் பதிவுசெய்வதற்கு இந்த வார இறுதியே போதும்.